துனிசியாவில் ஒரு நீண்ட காத்திருப்பு

அரபு நாடு என்றால் நம் வீடுகளில் துபாய், கத்தார், சவூதி என்றுதான் பேச்சு. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் அங்கே இருப்பார்; இல்லாவிட்டால் எண்ணெய்க் கிணற்றுக்குப் போன நம் ஊர்ப் பொறியியலாளர் ஒருவர் இருப்பார். வேலை தேடி நாம் போகும் இடம் அது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே வேலை கிடைக்காத அரபு நாடுகளும் இருக்கின்றன என்பதைச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது 2024ஆம் ஆண்டு மே மாதம், துனிசியாவில்.

போகக் காரணம் என் தோழி. கோலாலம்பூரில் பிரெஞ்சு மொழி வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் வேலை செய்பவள். மூன்று ஆண்டுகள் நாங்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் சம்பலும் அவள் ஹரிசாவும் குளிர்பெட்டியில் ஒரே தட்டில் இருக்கும். இரண்டில் எது அதிகக் காரம் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது என்னையும் அழைத்தாள். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஆள் சேர்ப்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊர் சுற்றப் போன இடத்திலும் யார் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு சம்பளம் என்று கேட்கும் பழக்கம் விடவில்லை.

தலைநகர் துனிஸின் நடுவே ஹபீப் பூர்கிபா சாலை. இரு பக்கமும் போக்குவரத்து, நடுவே மர வரிசைகளின் நிழலில் அகலமான நடைபாதை. ஒரு முனையில் மணிக்கூண்டு, மறு முனைக்கு அருகே பிரெஞ்சுக்காரர் கட்டிய தேவாலயம், அதன் எதிரே கையில் புத்தகத்துடன் இப்னு கல்தூன் சிலை. உள்துறை அமைச்சும் இந்தச் சாலையில்தான். 2011 ஜனவரி 14 அன்று அதன் முன்னால்தான் ஆயிரக்கணக்கானோர் கூடி, 23 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த பென் அலியை வெளியேறச் சொன்னார்கள். அன்று மாலையே அவர் விமானம் ஏறிவிட்டார்.

நாங்கள் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. காப்பிக் கடைகள் நிரம்பியிருந்தன. நாற்காலிகள் எல்லாம் சாலையைப் பார்த்தபடி. உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; இருபது முதல் நாற்பது வயதுக்குள். 'கபூசான்' என்று ஒரு சிறு கண்ணாடிக் குவளைக் காப்பி. விலை இரண்டு தினார், நம் காசுக்கு மூன்று ரிங்கிட். அந்த ஒரு குவளையை இரண்டு மணி நேரம் வைத்திருக்கலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். நம் மாமாக் கடையில் நள்ளிரவுக் காற்பந்து ஆட்டத்துக்குக் கூடும் கூட்டத்தை அப்படியே வேலை நாள் காலைக்கு மாற்றி வைத்தது போல இருந்தது. ஒரே வேறுபாடு, யாரும் எதையும் பார்க்கக் கூடவில்லை.

இவர்களுக்குப் பக்கத்து நாடான அல்ஜீரியாவில் ஒரு பெயர் உண்டு: 'ஹித்திஸ்த்'. அரபுப் பேச்சு வழக்கில் சுவரைக் குறிக்கும் சொல்லோடு பிரெஞ்சு வாலை ஒட்டிச் செய்தது. சுவரில் சாய்ந்து நிற்பதையே தொழிலாகக் கொண்டவர் என்று பொருள். துனிசியாவிலும் இந்தச் சொல் புரியும்.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். துனிசியாவின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 20 லட்சம். வேலையின்மை நூற்றுக்கு 16 அளவில் இருக்கிறது. 15 முதல் 24 வயதுக்குள் வேலை தேடுவோரை மட்டும் எடுத்தால் 10 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு வேலை இல்லை. இதைவிட எனக்கு வியப்பளித்தது பட்டதாரிகள் கணக்கு. படித்தால் வேலை கிடைக்கும் என்பது நம் அப்பா அம்மா நமக்குச் சொல்லித் தந்த பாடம். அங்கே பட்டம் பெற்றவர்களிடையே வேலையின்மை நாட்டின் சராசரியைவிட அதிகம். நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. பட்டதாரிப் பெண்களின் நிலை இன்னும் மோசம். பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம் படிக்கும் நாடு அது.

துனிஸில் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஏரிக்கரைப் பகுதியில் கண்ணாடிக் கட்டடங்கள், வங்கிகள், கணினி நிறுவனங்கள். 2014இல் துனிஸில் இரண்டு பேர் தொடங்கிய இன்ஸ்டாடீப் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தை, கொவிட் தடுப்பூசியால் பெயர் பெற்ற ஜெர்மனியின் பயோஎன்டெக் 2023இல் வாங்கிவிட்டது. புதிய நிறுவனம் தொடங்குவோர் தங்கள் வேலையிலிருந்து விடுப்பு எடுக்கவும் சிறிது காலம் அரசு உதவித்தொகை பெறவும் 2018இல் ஒரு சட்டமே கொண்டு வந்தார்கள். ஆனால் துனிசிய தினாரைத் தாராளமாக அந்நியச் செலாவணியாக மாற்ற முடியாது. வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு இணையப் பக்கம் செய்து தரும் பையன் பேபால் வழியாகப் பணம் பெற முடியாது. தோழியின் மாமா மகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிக்கும் விஷயமாக எனக்குத் தெரியவில்லை. அவன் அழைப்பு மையம் ஒன்றில் வேலை செய்கிறான். பாரிஸில் இருப்பவர்களுக்கு வேறொரு பிரெஞ்சுப் பெயரில் தொலைபேசியில் பேசுகிறான். கணினிப் பொறியியல் படித்தவன். அடுத்த ஆண்டு ஜெர்மனிக்குப் போய்விடுவான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இப்படி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பொறியியலாளர்கள் நாட்டைவிட்டுப் போகிறார்கள். படிக்க வைத்த செலவு துனிசியாவுக்கு, உழைப்பு ஐரோப்பாவுக்கு.

தள்ளுவண்டி ஊர்

தோழியின் சொந்த ஊர் சிடி பூசிட். துனிஸிலிருந்து தெற்கே 260 கிலோமீட்டருக்கு மேல். 'லுவாஜ்' எனும் பகிர்வு வேனில் போனோம். எட்டுப் பேர் சேர்ந்ததும் வண்டி கிளம்பும். அதுவரை நேரம் பார்க்கக் கூடாது. கைரவானைத் தாண்டியதும் நிலம் வறண்டு, ஒலிவ மரங்களும் சப்பாத்திக் கள்ளி வேலிகளும் மட்டும் கூட வருகின்றன. கடற்கரையில் இருக்கும் அளவுக்கு ஹோட்டலோ தொழிற்சாலையோ உள்நாட்டுக்கு வரவில்லை. துனிசியாவின் கதையில் பாதி இந்த நான்கு மணி நேரச் சாலையிலேயே தெரிந்துவிடுகிறது.

2010 டிசம்பர் 17 அன்று இந்த ஊரில்தான் முகமது பூவாசிசி என்ற 26 வயதுப் பழ வியாபாரி, தள்ளுவண்டியையும் தராசையும் நகராட்சி அதிகாரிகள் பறித்ததாலும் புகாரை யாரும் கேட்காததாலும், ஆளுநர் அலுவலக வாசலில் தனக்குத் தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4 அன்று இறந்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல அவரை வேலையில்லாப் பட்டதாரி என்று எழுதின. உண்மையில் அவர் இடைநிலைப் பள்ளியையே முடிக்கவில்லை; குடும்பத்துக்காகச் சிறு வயதிலிருந்தே உழைத்தவர். ஆனால் அவருக்குப் பின் தெருவில் இறங்கியவர்களில் பட்டதாரிகள் நிறைய. அங்கிருந்து எகிப்து, லிபியா, சிரியா என்று பரவியதை நாம் அறிவோம்.

ஊர் நடுவில் கல்லில் செதுக்கிய தள்ளுவண்டி ஒன்று நிற்கிறது. அஞ்சலகச் சுவரில் பூவாசிசியின் பெரிய படம். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கடந்துபோன ஒரு பெரியவர் ஏதோ முணுமுணுத்தார். தோழி மொழிபெயர்க்கத் தயங்கினாள். “அவன் போய்ச் சேர்ந்தான், நாம் மாட்டிக்கொண்டோம்” என்றாராம். அதே கடைத்தெருவில் வேறொருவர் அந்தப் படத்தின் கீழே எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, “இப்போது வாய் திறந்து பேசுகிறோமே, அதுவும் அவனால்தான்” என்றார். இரண்டு பேரும் பழ வண்டிக்காரர்கள்தாம்.

வீட்டில் தோழியின் அம்மா என்னைப் 'பின்தி', மகளே, என்றுதான் கூப்பிட்டார். அடுப்பிலிருந்து எடுத்த சூடான தபூனா ரொட்டி, ஆட்டுக்கறி போட்ட கூஸ்கூஸ். நான் சாப்பிடுவது போதவில்லை என்று அவர் கவலைப்பட்டதில் எனக்கு ஈப்போவில் இருக்கும் என் அத்தை நினைவுக்கு வந்தார்.

இந்த வீட்டின் கவலை தோழியின் அண்ணன். நானும் அண்ணன் என்றே எழுதுகிறேன். இரண்டாம் நாளே “அண்ணே” என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். வயது 36. வரலாற்றுப் பட்டம் பெற்றது 2011இல், அதாவது புரட்சி நடந்த ஆண்டில். “நான் படித்து முடித்தபோது நாடே புதிதாகத் தொடங்குகிறது என்றார்கள். நானும் தொடங்கலாம் என்று நினைத்தேன்” என்றார். அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் நிரந்தர வேலை என்று ஒன்று கிடைக்கவில்லை. இப்னு கல்தூன் பற்றி நான் கேட்டேன். சிரித்துக்கொண்டே, “1332இல் துனிஸில் பிறந்தார். இளைஞனாக ஃபெஸ் நகருக்கு வேலைக்குப் போனார், பிறகு கிரனாடா, கடைசியில் கெய்ரோ. அங்கேயே இறந்தார். எங்கள் நாட்டின் மிகப் பெரிய வரலாற்றாசிரியரும் வெளிநாட்டு வேலைக்காரர்தான்” என்றார்.

ஏன் தனியார் வேலைக்குப் போகவில்லை என்று நான் கேட்டுவிட்டேன். என் தொழில் புத்தி. அவர் கோபப்படவில்லை. 2020ஆம் ஆண்டு நாடாளுமன்றம் 38ஆம் எண் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகளை அரசு படிப்படியாக வேலைக்கு எடுக்கும் என்றது சட்டம். அதிபர் கைஸ் சயீத் அதில் கையெழுத்திட்டார். 2021 நவம்பரில் அவரே, அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார். நாடெங்கும் பட்டதாரிகள் தெருவுக்கு வந்தார்கள். அண்ணனும் துனிஸுக்குப் போய்க் கோஷம் போட்டுவிட்டு வந்தார். ஆனாலும் சட்டமோ வேறொரு திட்டமோ என்றாவது உயிர்பெறும் என்ற நம்பிக்கை விட்டபாடில்லை. அந்தப் பட்டியலில் இடம்பெற, இத்தனை ஆண்டுகளும் வேலையில்லாதவராகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிதியில் உங்கள் பெயரில் முதலாளி ஒருவர் சந்தா கட்டியிருந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்றார்.

ஆகவே காகிதத்தில் வராத வேலைகளையே செய்கிறார். நவம்பர், டிசம்பரில் ஒலிவ அறுவடை. மற்ற நாளில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடையில் உதவி. மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன். சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அரசின் கணக்கில் அவர் 13 ஆண்டுகளாக எதுவும் செய்யாதவர்.

நம்மிடமும் இந்தக் கவர்மெண்ட் வேலை ஆசை உண்டு. என் பாட்டி, பேத்திக்கு ஓய்வூதியம் உள்ள வேலை கிடைக்க வேண்டும் என்று பத்துமலை வரை நடந்தவர். துனிசியாவில் அதற்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. 2024இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 500 தினாரை எட்டியிருக்கவில்லை. ஏறக்குறைய 700 ரிங்கிட். தனியார் முதலாளி அதையும் ஒழுங்காகக் கொடுப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பல ஆண்டுகள் பட்டம் பெற்றவர்களை வாங்கிக்கொண்டது அரசுதான். அந்தக் கதவு கடன் சுமையால் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. கதவு மூடிய பிறகும் வரிசை கலையவில்லை.

உரம் வந்த இடம்

மறுநாள் மூவரும் காஃப்சா போய், அங்கிருந்து மெத்லாவி சென்றோம். பாஸ்பேட் சுரங்க ஊர். 1885இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இங்கே பாஸ்பேட் இருப்பதைக் கண்டுபிடித்தார். 1897இல் நிறுவனம் வந்தது, பிறகு ரயில் வந்தது. ஊரே சாம்பல் நிறம். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் பலருக்குப் பற்கள் பழுப்பேறியிருக்கின்றன.

எனக்கு இந்த ஊரின் பெயர் புதிதல்ல. என் அப்பா பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்தவர். சிறு வயதில் உரம் வீசப் போனவர். 'ராக் பாஸ்பேட்' மூட்டைகள் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்ததைப் பற்றிப் பேசுவார். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் அந்தப் பாறைத்தூள் மலேசியத் தோட்டங்களுக்கு வந்தது. செம்பனைக்கு எந்தப் பாறை உரம் நல்லது என்று நம் ஆய்வாளர்கள் சோதித்தவற்றில் காஃப்சாவின் பாஸ்பேட்டும் உண்டு. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். “இந்தத் தூசிதானா நம்ம கையில ஒட்டுனது” என்று குரல்பதிவு அனுப்பினார்.

இங்கே வேலை என்றால் நிறுவனம், நிறுவனம் என்றால் வேலை. 2008 ஜனவரியில் நிறுவனம் ஆள் எடுத்த முடிவுகள் வெளியானபோது, வேண்டியவர்களுக்கே வேலை என்று ரெதேயெஃப் ஊரில் போராட்டம் வெடித்தது. ஆறு மாதம் நீடித்தது; காவல் துறை அடக்கியது, உயிர்கள் போயின. சிடி பூசிட்டுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே நடந்தது அது, உலகம்தான் கவனிக்கவில்லை.

புரட்சிக்குப் பிறகு அமைதியை விலைகொடுத்து வாங்குவதற்கு அரசு ஒரு வழி கண்டது. 'சுற்றுச்சூழல், தோட்ட நிறுவனங்கள்' என்று தொடங்கி ஆயிரக்கணக்கானோரைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தது. மரம் நடுவது அவர்கள் வேலை. மெத்லாவியில் நான் பார்த்த மரங்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தச் சம்பளத்தையும் பாஸ்பேட்தான் சுமக்கிறது. வேலை கிடைக்காதவர்களோ தண்டவாளத்தில் கூடாரம் போட்டு ரயிலை மறித்தார்கள். 2010இல் சுமார் 80 லட்சம் டன் எடுத்த சுரங்கங்கள் அதன் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ரயிலை மறித்தவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வாசலில் ஓடும் ஒரே செல்வம் அந்த ரயில்தான். அதை நிறுத்தினால்தான் யாராவது அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் சம்பளம் மட்டும் கொடுத்து வேலை கொடுக்காத அந்தத் திட்டம் கொடுமை என்றே நினைக்கிறேன். இருபது வயதில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு காப்பிக் கடையில் உட்காரக் கற்றுக்கொண்டவன் நாற்பதில் என்ன செய்வான்?

திரும்பும் வழியில் சிறு லாரிகளின் பின்புறத்தில் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றபடி வயலிலிருந்து வீடு திரும்பினார்கள். தோழியின் அம்மாவும் அப்படிப் போனவர்தான். கூலியில் ஒரு பங்கு லாரிக்காரருக்கு. 2019 ஏப்ரலில் சிடி பூசிட் வட்டாரத்தில் இத்தகைய வண்டி மோதி 12 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பாதுகாப்பான போக்குவரத்துக்குச் சட்டம் வந்தது. லாரிகள் அப்படியே ஓடுகின்றன. காப்பிக் கடையில் பெண்கள் ஏன் இல்லை என்ற என் கேள்விக்குப் பதில் இந்த லாரிகளில் இருந்தது.

அன்று இரவு அம்மா என்னைத் தனியாக அழைத்தார். தோழி நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். பக்கத்துத் தெருவில் இரண்டு பையன்கள் 'ஹர்கா' போய்விட்டார்கள். எரித்தல் என்று அதற்குப் பொருள். எல்லையை எரித்துவிட்டு, அடையாளத் தாள்களை எரித்துவிட்டுப் படகேறுவது. இத்தாலியின் லம்பெடூசா தீவு சிசிலியைவிடத் துனிசியக் கரைக்கே பக்கம். ஒருவன் இத்தாலியிலிருந்து படம் அனுப்பியிருக்கிறான். மற்றவனிடமிருந்து நான்கு மாதமாகச் செய்தி இல்லை. “என் மகன் போக மாட்டான் என்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ வேலை வாங்கித் தருபவளாமே. உங்கள் நாட்டில் ஏதாவது இருக்கிறதா, பின்தி?”

அப்போது, 2024இல், மலேசியாவில் வெளிநாட்டு நிபுணருக்கான அனுமதிக்குக் குறைந்தது 3,000 ரிங்கிட் சம்பளத்தில், உள்ளூரில் ஆள் கிடைக்காத வேலை தேவைப்பட்டது. வரலாறு படித்த, 36 வயது, பதிவேட்டில் அனுபவமே இல்லாத ஒருவரை எந்த முதலாளி எடுப்பார்? ஆனால் அவர் பிரெஞ்சும் அரபும் சரளமாகப் பேசுவார். தங்கை வேலை செய்வது போன்ற மையங்களுக்கு அது போதும். இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது, முதலில் அவருடைய சுயவிவரத்தைப் பார்க்கிறேன் என்றேன். தோழி அதை மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால், 'உறுதி சொல்ல முடியாது' என்பதை அவள் விட்டுவிட்டாள் என்றே தோன்றியது.

கிளம்பும் நாள் காலை, அண்ணன் தன் சுயவிவரத்தைக் கொண்டு வந்தார். நான்கு பக்கம், பாதி படிப்புச் சான்றிதழ்கள். 2011க்குப் பிறகு வெறுமை. பழுதுபார்க்கும் கடை, டியூஷன், அறுவடையில் இருபது பேரை மேற்பார்த்தது எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக எழுதச் சொன்னேன். பேனாவை எடுத்தவர் நிறுத்திவிட்டார். “இது அரசு அலுவலகத்தில் யார் கண்ணிலாவது பட்டால்?” என்றார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு இருவரும் 'பப்ளிநெட்' என்ற இணையக் கடைக்குப் போனோம். நான் சொல்லச் சொல்ல அவரே தட்டச்சு செய்தார். ஒரு பக்கத்தில் புதிய சுயவிவரம் தயாரானது. அதை எனக்கு மின்னஞ்சல் செய்தார். கடைக்காரப் பையன் பழைய நான்கு பக்கக் கோப்பை அழித்துவிடலாமா என்று கேட்டான்.

“வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்” என்றார் அண்ணன். இரண்டையும் அச்சிட்டு, தனித்தனி உறையில் போட்டு, ஒன்றைச் சட்டைப் பையிலும் மற்றதைக் கைப்பையிலும் வைத்துக்கொண்டார். அச்சுக்கான காசை என்னைக் கொடுக்க விடவில்லை.